பஞ்சம்மாள் போட்ட ஓட்டு

உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறியதிலிருந்து ராக்கையா வாயைத் திறக்கவில்லை. முன் சீட்டில் அவர் ஊரான கருவேலோடையின் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். போன மாதம் வரைக்கும், "பிரசிடெண்டு, இங்கன உக்காருங்க" என்று எழுந்து இடம் விட்டவர்கள்தான். இன்றைக்கு இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற திராட்சைப் பந்தலை ஜன்மத்தில் பார்க்காதவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பெண்கள் சீட்டில் இருந்த ராமுத்தாய்க்கு மாமனாரின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு இப்படிக் கூனி அவள் பார்த்ததில்லை.

ஒரே ஒரு ஓட்டு. பதினைந்து வருஷத்துக்கு மேல் நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. முந்தின தேர்தலில் ஜெயித்த ராக்கையாவைத்தான் ஊர் அதுவரை பிரசிடெண்டு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ராக்கையாவுக்கு ஏணிச் சின்னம். சுருளியாண்டிக்குப் பூட்டு. இரண்டு தடவை எண்ணினார்கள். இரண்டு தடவையும் பூட்டுக்கு ஒரு ஓட்டு கூடுதல்.

சுருளியாண்டி பக்கம் கள்ள ஓட்டு விழுந்திருந்தது. வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் அன்றைக்கு வேலைக்கு நின்ற மூன்று பேருடைய ஓட்டை யாரோ போட்டிருந்தார்கள். அந்த மூன்று பேரையும் எஸ்டேட்டுக்கு ஏற்றிப் போன ஜீப் டிரைவர் சாட்சி சொல்லத் தயார். கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாம்.

ஆனால் ராக்கையா போக முடியாது. தேர்தலுக்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் ஊர் கூடி, இரண்டு வேட்பாளர்களையும் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்ய வைத்திருந்தது. "தோத்தா நானும் கோர்ட்டுப் படி ஏறமாட்டேன், எம் பொண்டாட்டியும் ஏறமாட்டா, எம் மகன் முத்துக்கருப்பனும் ஏறமாட்டான்" என்று சொல்லித்தான் ராக்கையா உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தார். ஊர் முழுக்க நின்று பார்த்தது. அதனால் ஊருக்குள் வேறு யாரும் அவருக்காகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்கள்.

சத்தியத்தில் ஒரு பேர் விட்டுப்போயிருந்தது. மருமகள் பேர். மறந்துவிட்டாரா, அல்லது சத்தியத்தில் சேர்க்கிற அளவுக்கு அவளை ஓர் ஆளாக நினைக்கவில்லையா என்று ராமுத்தாய்க்குத் தெரியாது. நேற்றுக் காலையில்தான் அது அவருக்கு ஞாபகம் வந்தது. "தாயி, ஒன் பேரை நான் சொல்லலைல்ல?" என்று கேட்டபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

*

வக்கீல் காஜா மைதீன் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. வக்கீல் ஒல்லி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதை மேஜை மேல் தேடுகிற மனிதர்.

"மனுவை யாரு குடுக்கிறா?"

"எம் மருமக" என்றார் ராக்கையா. "நான் குடுக்க முடியாது, சத்தியம் பண்ணிட்டேன். தோத்தவன்தான் கேஸ் போடணும்னு சட்டம் இருக்கா?"

"அப்படியெல்லாம் இல்லை. ரெண்டு வகை ஆளுக்கு உரிமை இருக்கு. எலெக்சன்ல நின்னவுக ஒரு வகை. அந்த ஊர் ஓட்டர் லிஸ்டுல பேர் இருக்கிறவுக இன்னொரு வகை. ரெண்டுலயும் சேராதவுக, கலெக்டர் சம்சாரமாவே இருந்தாலும் வாசல்ல நின்னு வேடிக்கைதான் பாக்கலாம்." வக்கீல் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். லிஸ்டைப் புரட்டினார். "பேர் என்னம்மா?"

"ராமுத்தாய்."

"வீட்டுக்காரர்?"

"முத்துக்கருப்பன்."

வக்கீலின் விரல் மேலிருந்து கீழே வந்தது. மறுபடி மேலே போனது. "ராக்கையா, உங்க சம்சாரம், முத்துக்கருப்பன்... ராமுத்தாயைக் காணோமே."

ராக்கையா தொண்டையைச் செருமினார். "அவ ஓட்டு கெங்குவார்பட்டில இருக்கு. அவுக அப்பன் ஊருல. சம்பந்தி அங்கன நின்னுக்கிட்டிருக்கட்டும்னு சொன்னாரு. அவருக்கும் ஆள் வேணும்ல?"

"கல்யாணம் ஆகி எத்தனை வருசம்?"

"அஞ்சாறு வருசம் இருக்கும்."

"அப்ப இவுக உங்க ஊர் ஓட்டர் இல்லை. மனு குடுக்க முடியாது." வக்கீல் லிஸ்டை மூடப் போனவர் நிறுத்தினார். ராமுத்தாயின் இடது கையைப் பார்த்தார். நகத்து ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மை ஒட்டியிருந்தது. "ஏம்மா, எங்கே ஓட்டுப் போட்டீக? கெங்குவார்பட்டியிலயா?"

ராமுத்தாய் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். மாமனார் பதில் சொல்வார் என்று பார்த்தாள். மாமனார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கருவேலோடையில" என்றாள்.

"யாரு பேர்ல?"



"பஞ்சம்மா பேர்ல" என்றாள்.

வக்கீல் லிஸ்டை மறுபடி திறந்தார். முத்துக்கருப்பனுக்கு அடுத்த வரியில் இருந்தது: பஞ்சம்மாள், தகப்பனார் ராக்கையா.

"இது உங்க மகளா? எங்கே இருக்கா?"

"அவ..." ராக்கையாவின் குரல் இறங்கியது. "அவ போடியில. ஒரு வேதக்காரப் பையனோட, சர்ச்சுக்குப் போறவனோட போயிட்டா. நாங்க தலை முழுகிட்டோம்."

"தலை முழுகிட்டீக. பேரை மட்டும் முழுகலையாக்கும்" என்றார் வக்கீல். சிரிக்காமல் சொன்னார். அதனால்தான் ராமுத்தாய்க்குக் காது வரைக்கும் சுட்டது.

"எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானுங்க. வீட்டு ஓட்டு. கட்டிக்குடுத்த பிள்ளை ஓட்டை வந்த பிள்ளை போடும். ஊருல யாரும் அதைத் தப்பாச் சொல்லமாட்டாக."

"ஊரு சொல்லாது. சட்டம் சொல்லும். ஆள் மாறி ஓட்டுப் போடுறது ஜெயில் சமாச்சாரம்." வக்கீல் நாற்காலியில் சாய்ந்தார். "ஆனா ஒண்ணு இருக்கு. இந்தப் பஞ்சம்மா எங்கே இருந்தாலும், யாரைக் கட்டியிருந்தாலும், லிஸ்டுல பேர் இருக்கிற வரைக்கும் கருவேலோடை ஓட்டர்தான். கோர்ட்டு லிஸ்டைத்தான் பாக்கும், நீங்க தலை முழுகினதைப் பாக்காது. அவுக கையெழுத்துப் போட்டா மனு நிக்கும்."

ராக்கையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தியத்துல அவ பேரும் இல்லை. அவ எங்க வீட்டு ஆளே இல்லை."

"சாமிக்கு வெளியாளு, சர்க்காருக்கு வீட்டு ஆளு. நல்ல கணக்கு" என்றார் வக்கீல். "ஆனா கூண்டுல ஏறினதும் எதிராளி வக்கீல் கேக்கிற முதல் கேள்வி, 'நீ ஓட்டுப் போட்டியா?' போட்டேன்னு சொல்லணும். போடலைன்னு சொன்னா, அப்ப யாரு போட்டான்னு வரும். இந்த அம்மா மாட்டும். அது மட்டுமில்லை. கள்ள ஓட்டுன்னு தெரிஞ்சா கோர்ட்டு சும்மா விடாது. ஓட்டுச் சீட்டுல நம்பர் இருக்கு, கையெழுத்து வாங்கிக்கிட்டுக் கிழிச்சுக் குடுத்த அடிக்கட்டையிலயும் அதே நம்பர் இருக்கு. ரெண்டையும் வச்சுப் பார்த்து, அந்தக் கள்ள ஓட்டு எந்தச் சின்னத்துல விழுந்துச்சுன்னு கண்டுபிடிச்சுக் கழிச்சிருவாக."

"கண்டுபிடிச்சிருவாகளா?" என்று கேட்டது ராமுத்தாய். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"நல்ல ஓட்டுக்குத்தாம்மா ரகசியம். கள்ள ஓட்டுக்கு ஏது?"

வக்காலத்துத் தாளை வக்கீல் ராக்கையாவிடம் நீட்டினார். திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது. அதற்குள் பஞ்சம்மாள் கையெழுத்து வேண்டும்.

*

தேவாரம் வழியாகப் போடிக்குப் போகிற பஸ்ஸில் ராமுத்தாய் ஓட்டுப் போட்ட நாளையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பூத்தில் வரிசையில் நின்று உள்ளே போனாள். "பேரு?" என்று கேட்டார் ஆபீசர். "பஞ்சம்மா" என்றாள். சுருளியாண்டியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த ஒச்சாண்டி அவளை மேலும் கீழும் பார்த்தான். ஆட்சேபம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் வீட்டிலும் இப்படி இரண்டு ஓட்டு இருந்தது.

"வழி விடுங்கப்பா, வழி விடுங்க" என்றான். "தலை முழுகுன பிள்ளை உசுரோட எந்திரிச்சு ஓட்டுப் போட வந்திருக்கு. ஏ ஆத்தா பஞ்சம்மா, போடியில எல்லாரும் சொகந்தானா? மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரலையா?"

பூத்தே சிரித்தது. மை வைக்கிற பெண் சிரித்தாள். வாசலில் நின்ற போலீஸ்காரர், விஷயம் புரியாமலே சிரித்தார். ராமுத்தாய் தலையைத் திருப்பியபோது, வாசலுக்கு வெளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற மாமனாரும் சிரித்துக்கொண்டிருந்தார். ஒச்சாண்டியின் பேச்சை ரசிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கேலிக்கு ஆளான இரண்டு பேரும் அவர் வீட்டுப் பெண்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தாள். ஏணியும் பூட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தான் முகம் பார்த்திராத அந்த நாத்தனாரை நினைத்துக்கொண்டாள். செத்தவளுக்கு முழுகுகிற மாதிரி முழுகிவிட்டு, அவள் பேரை மட்டும் ஓட்டுக்காக வீட்டில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அவளே வந்திருந்தால் இந்த மனிதருக்குப் போடுவாளா?

பூட்டில் குத்தினாள்.

அடுத்த நாள் ஒரு ஓட்டில் தோற்றோம் என்று செய்தி வந்தபோது அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாளி கையிலிருந்து நழுவியது. "பாரு, மருமக பதறிட்டா" என்று மாமியார் அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிக்கொண்ட கை இன்னும் தோளில் இருப்பது மாதிரியே இருந்தது.

*

போடி கடைவீதியில் பஞ்சம்மாளின் புருஷன் சுந்தர்ராஜின் ஏலக்காய்க் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. வாசனை கூட்டிக்கொண்டு போனது. உள்ளே நாலைந்து பெண்கள் முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருத்தி, அகன்ற தோள், ராக்கையாவின் மூக்கு. அறிமுகம் தேவைப்படவில்லை.

ராக்கையா படிக்குக் கீழே தெருவிலேயே நின்றுவிட்டார்.

தராசுக்குப் பின்னாலிருந்த சுந்தர்ராஜ்தான் முதலில் பார்த்தான். கையிலிருந்த படிக்கல்லை வைக்க மறந்து எழுந்தான். "மாமா... வாங்க மாமா. மேல வாங்க."

பஞ்சம்மாள் திரும்பினாள். முறம் மடியிலிருந்து சரிந்தது. அவள் முகம் வெளுத்துப்போனதை ராமுத்தாய் பார்த்தாள்.

"அம்மாவுக்கு என்ன?" என்றாள் பஞ்சம்மாள். "எப்ப? எப்ப நடந்துச்சு?"

"அவ நல்லாருக்கா" என்றார் ராக்கையா அவசரமாக. "ஒண்ணுமில்லை. எல்லாரும் நல்லாருக்காக."

பஞ்சம்மாள் மூச்சு விட்டாள். பிறகு கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தாள். "யாரும் சாகலைன்னா, அப்ப எதுக்கு வந்தீக?"

ராமுத்தாய் தெருக் கல்லைப் பார்த்தாள்.

சுந்தர்ராஜ் இரண்டு பேரையும் உள் அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தான். கலர் சோடா வாங்கி வரச் சொன்னான். ராக்கையா வேண்டாம் என்று கை காட்டினார். பிறகு, வந்த காரியம் ஞாபகம் வந்தவர் மாதிரி வாங்கிக் குடித்தார். ஒரே மூச்சில் குடித்தார்.

"இது ஒன் மதினி" என்றார் ராக்கையா. "முத்துக்கருப்பன் சம்சாரம்."

"வாங்க மதினி" என்றாள் பஞ்சம்மாள். கல்யாணத்துக்குத்தான் கூப்பிடவில்லையே, எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ராமுத்தாய்க்கு.

ராக்கையா விஷயத்தைச் சொன்னார். ஒரு ஓட்டு, சத்தியம், எஸ்டேட்டுக்காரர்கள், வக்கீல். சொல்லச் சொல்ல அவர் பிரசிடெண்ட் ஆகிக்கொண்டே வந்தார். குரல் உயர்ந்தது. கடைசியில், "ஒன் பேரு இன்னும் நம்ம வீட்டு நம்பர்லதான் இருக்கு" என்று முடித்தார்.

"எம் பேரா? இன்னும் அங்கனயா?"

"ஆமா."

பஞ்சம்மாள் புருஷனைப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல?" என்றவள் அப்பாவிடம் திரும்பினாள். "ரெண்டு தடவை இங்க பேர் சேக்கப் போனேன் அப்பா. 'ஒங்க பேரு பிறந்த ஊருல இருக்கு, அங்கன எடுத்துட்டு வாங்க'ன்னுட்டாக. யாரு கிட்ட வந்து எடுக்கச் சொல்றது? இத்தனை வருசமா எனக்கு எங்கயும் ஓட்டில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "யாரு விட்டு வச்சது?"

"நாந்தேன். ஓட்டர் கணக்கெடுக்க வந்த வாத்தியார், 'பஞ்சம்மா இருக்கா?'ன்னு கேட்டாரு. இருக்கான்னேன்."

பஞ்சம்மாளின் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெரிய உடம்புக்காரி சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்தாள். "தலை முழுகிட்டதாத்தான் எல்லாரும் சொன்னாக. நீங்க என்னை உசுரோட இருக்கான்னா சொன்னீக?"

"மனசு வரலை" என்றார் ராக்கையா.

ராமுத்தாய்க்கு அங்கேயே நிலத்துக்குள் போய்விட வேண்டும் போல் இருந்தது. அன்றைக்கு அவளும்தான் அங்கே இருந்தாள். "பஞ்சம்மா பேரை அடிச்சிட்டு மருமக பேரைச் சேத்துரவா?" என்று வாத்தியார் கேட்டார். "அடிக்காதீக, ஓட்டு ஒண்ணு குறைஞ்சிரும். இவளுக்கு அங்கன ஒண்ணு இருக்கு" என்றார் மாமனார். அவ்வளவுதான் நடந்தது. மனசைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

"கையெழுத்துப் போடுறேன்" என்றாள் பஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேற என்ன செய்யணும்?"

ராக்கையா கலர் பாட்டிலை உருட்டினார். "கூண்டுல கேப்பாக, ஓட்டுப் போட்டியான்னு. போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"நான் எங்க போட்டேன்?"

"போட்டதா ஆகியிருக்கு."

பஞ்சம்மாளின் கண்ணில் இருந்த ஈரம் அப்படியே நின்றது. நிறைய நேரம் ஆகவில்லை அவளுக்குப் புரிய. வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"அதுக்குத்தான் என்னை உசுரோட வச்சிருந்தீகளாக்கும்" என்றாள். "யாரு போட்டா?"

"அது எதுக்கு இப்ப..."

"நான்தான்" என்றாள் ராமுத்தாய். தலை நிமிரவில்லை. "நான்தான் போட்டேன். உங்க பேரைச் சொல்லி."

பஞ்சம்மாள் அவளைப் பார்த்தாள். கோபம் வரும் என்று ராமுத்தாய் காத்திருந்தாள். வரவில்லை.

"ஒங்க ஓட்டு எங்க இருக்கு மதினி?"

"கெங்குவார்பட்டியில. அப்பா ஊருல."

"போட்டீகளா?"

"இல்லை."

"சரிதான். எனக்கும் இல்லை, ஒங்களுக்கும் இல்லை" என்றாள் பஞ்சம்மாள். "யாருக்குப் போட்டீக?"

"என்ன கேள்வி இது?" என்றார் ராக்கையா. "எனக்குத்தான். வேற யாருக்குப் போடுவா?"

பஞ்சம்மாள் ராமுத்தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் தரையில் கிடந்த ஏலத் தோலைப் பொறுக்கினாள்.

"அதுவாச்சும் நல்லாத்தான் நடந்திருக்கு" என்றாள் பஞ்சம்மாள் மெதுவாக. "நானே வந்திருந்தாலும் ஏணியிலதான் குத்தியிருப்பேன். ஓடிப் போனவதான் நான். அதுக்காக எங்கப்பன் தோக்கணும்னு நினைப்பனா? கரட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணி கொண்டுவந்த மனுசன்."

ராக்கையா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ராமுத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. ஒருத்தி பேரைத் திருடியது போதாது என்று, அவள் மனசில் இல்லாததை அவள் மனசு என்று குத்திவிட்டு வந்திருக்கிறாள்.

பஞ்சம்மாள் பேனாவை வாங்கி, வக்காலத்தில் பேரை எழுதினாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"கேஸ் போடுறேன். ஆனா கூண்டுல பொய் சொல்லமாட்டேன். நான் வரலை, எம் பேர்ல வேற ஆளு போட்டுச்சுன்னு சொல்லுவேன்."

"அடி கிறுக்கி, ஒங்க அண்ணன் பொண்டாட்டி மாட்டிக்குவாடி!"

"அதான் அவுக கையில குடுக்கிறேன்." தாளை அப்பாவிடம் கொடுக்காமல் ராமுத்தாயிடம் நீட்டினாள். "மதினி, கூண்டுல நான் ஒங்க பேரைத்தான் சொல்லணும். இதை வக்கீல்ட்ட குடுக்கணும்னாலும் சரி, கிழிச்சுப் போடணும்னாலும் சரி, நீங்க சொல்றதுதான். வேற யாரும் இல்லை."

*

பஸ் ஸ்டாண்டில் தேவாரம் பஸ் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் ராக்கையா பின்னால் திரும்பினார். வரும் வழியெல்லாம் அவர் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டதை அவள் பார்த்திருந்தாள்.

"தாயி, நான் யோசிச்சேன். அவ உண்மையைச் சொன்னாலும் மோசமில்லை. சுருளியாண்டிக்கு மூணு கழியும். நமக்கு ஒண்ணு கழியும். அப்பவும் நாமதான் மேல."

ராமுத்தாய் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன் பேரு வரும். வந்தா என்ன? பொம்பளை, தெரியாமச் செஞ்சிட்டான்னு ஜட்ஜு விட்டுருவாரு. முத்துக்கருப்பன்ட்ட நான் சொல்லிக்கிறேன். ஊரு ரெண்டு நாளைக்குப் பேசும், அப்புறம் மறந்துரும். குடு அதை."

கை நீட்டினார். கேட்கிற கை இல்லை அது. வயலில் களைக்கொத்தை வாங்குகிற மாதிரி நீட்டிய கை.

அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். நமக்கு ஒன்று கழியும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று பரிதாபமாக இருந்தது. அந்த ஓட்டை எடுத்துப் பார்க்கும்போது அதில் பூட்டு இருக்கும். கோர்ட்டில், ஊர் முன்னால், இவர் முன்னால். கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. கிழித்துப் போட்டால் இந்த மனிதர் கடைசி வரைக்கும் சுருளியாண்டியிடம் தோற்றதாக நினைத்துக்கொண்டு சாவார்.

இரண்டுக்கும் முன்னால் ஒருத்தியிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய ஓட்டு அது.

கண்டக்டர் விசில் கொடுத்தார். ராமுத்தாய் எழுந்தாள்.

"எங்க போறே?"

"இந்தா வாரேன் மாமா."

"பஸ்ஸு கிளம்பிருச்சு தாயி! ஏலே கண்டக்டர், நிறுத்துய்யா!"

பஸ் நிற்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கடைவீதிக் கூட்டத்தில் யார் யார் மேலோ இடித்தாள். ஏலக்காய் வாசனை வந்தபோது மூச்சு வாங்கியது.

பஞ்சம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். படியில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"என்ன மதினி, கிழிச்சாச்சா?"

"இல்லை." ராமுத்தாய் படியேறி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்ல முடியாது போலிருந்தது. "யாருக்குப் போட்டேன்னு கேட்டீகள்ல? நான் பதில் சொல்லலை."

"அப்பாதான் சொன்னாகளே."

"அவுகளுக்குத் தெரியாது. நீங்களா இருந்தா அவுகளுக்குப் போடமாட்டீகன்னு நானா நினைச்சுக்கிட்டேன். பூட்டுல குத்திட்டேன். அந்த ஒரு ஓட்டு நான் போட்டது. உங்க அப்பாவைத் தோக்கடிச்சது சுருளியாண்டி இல்லை. நானு."

பஞ்சம்மாளின் விரல்கள் முறத்தில் அசையாமல் நின்றன. திட்டப் போகிறாள், இல்லை அழப் போகிறாள் என்று ராமுத்தாய் குனிந்தபடி இருந்தாள். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்தபோது, பஞ்சம்மாள் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. தன் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராமுத்தாய் திரும்பினாள்.

படிக்குக் கீழே ராக்கையா நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்தி இறங்கி, அவள் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். ஒரு கால் செருப்பு எங்கோ கழன்று போயிருந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. எவ்வளவு நேரமாக நிற்கிறார், எதிலிருந்து கேட்டார் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. முகமே சொன்னது.

அடிப்பார் என்று நினைத்தாள். அவர் அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. பிரசிடெண்டின் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"ஏந்தாயி?" என்று கேட்டார். "நான் ஒனக்கு என்ன செஞ்சேன்?"

நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அவளிடம் பதில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. சிரித்தீர்கள். பூத் வாசலில் அவர் சிரித்த சிரிப்பை இந்தக் கடைவீதியில், இந்த மகள் முன்னால் சொல்லிவிட்டால் இந்த மனிதர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார் என்று நினைத்தாள். இத்தனை நாள் தனக்காக வெட்கப்பட்டவளுக்கு, முதல் தடவையாக அவருக்காக வெட்கமாக இருந்தது.

"சொல்லுங்க மதினி" என்றாள் பஞ்சம்மாள். "கேக்கிறாகல்ல?"